கர்னல் கொடுத்த கார்டு

“நிறுத்துங்க! கையக் காட்டுறான்!” என்றாள் பெலென்.

“காட்டட்டும். வலிச்சா தானா இறக்கிக்குவான்,” என்றார் கஸ்பார், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல்.

ஆனால் அந்தப் போலீஸ்காரர் கையோடு நிற்கவில்லை. சாலையின் குறுக்கே ஓர் இரும்புத் தடுப்பையும் இழுத்துப் போட்டிருந்தார். கஸ்பார் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். பிக்கப் வண்டி கிறீச்சிட்டு நின்றது. பின்னால் தார்ப்பாய்க் கூண்டுக்குள் இருந்த முழுசாகச் சுட்ட பன்றி சறுக்கி வந்து தகரத்தில் மோதியது. கூடவே “அப்பா!” என்று ஒரு முனகல். பன்றிக்குக் காவலாக உள்ளே உட்கார்ந்திருந்த மகன் டெல்ஃபினின் குரல் அது.

அன்று பெண் கேட்கப் போவதே அந்த டெல்ஃபினுக்காகத்தான். மருந்துக்கடை வைத்திருக்கிறான். முப்பது வயதாகியும் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம், பெண் வீட்டுக்குச் சீராகக் கொண்டுபோகும் பன்றியின் மொறுமொறுத் தோல் உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்று அப்பா சொன்னதும், கஞ்சி போட்ட வெள்ளை பாரோங் சட்டையோடு பின்னால் ஏறி, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து பன்றியின் காலைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய செல்போன்கூட முன்னால்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு இன்னிக்கும் வேகம் வேணுமா? போன தடவை பட்டது போதாதா?” என்றாள் பெலென்.

போன தடவை நடந்தது இதுதான். பொங்கபோன் ஊரில் பெண் வீட்டார் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். கஸ்பார் இறங்கி, “நான் யார் தெரியுமா?” என்று தொடங்கியவர் மூன்று மணி நேரம் நடுரோட்டில் அதையே விளக்கிக்கொண்டிருந்தார். பெண்ணின் தகப்பனார் பசிலியோ, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். நாற்பது வருஷம் மணியடித்துப் பழகிய மனுஷர். ஒரு மணிக்கு வந்து நின்றவர்களுக்குச் சோறு போட்டார், பெண்ணைக் கண்ணில் காட்டவில்லை. “அடுத்த சனிக்கிழமை பதினோரு மணி. பதினொண்ணு அடிச்சு முடிச்ச பிறகு மாப்பிள்ளை வந்தா, சோறு உண்டு, பொண்ணு இல்ல,” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் ரோவேனாவைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று டெல்ஃபின் அம்மாவிடம் அழுதிருந்தான். அவன் வாழ்க்கையில் பிடித்த ஒரே பிடிவாதம் அதுதான்.

அதனால் இன்று கஸ்பார் ஒரு பாடம் கற்றிருந்தார். முன்னதாகவே கிளம்ப வேண்டும் என்பதல்ல அந்தப் பாடம். எந்தப் போலீஸ்காரனோடும் பேசக்கூடாது, கார்டைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான்.

நம் மாகாணத்தில் வேகமாக ஓட்டுகிறவர்களில் தப்பு செய்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் அவசர வேலையாகப் போகிற நல்லவர்கள். தப்பெல்லாம் குறுக்கே நிற்கிற போலீஸ்காரனுடையது. வேகத்தில் ஒருத்தனை இடித்துவிட்டால் மட்டும், “போலீஸ் எங்கே போச்சு? எதுக்கு இவனுங்களுக்குச் சம்பளம்?” என்று இவர்கள்தான் முதலில் கேட்பார்கள். இருபது வருஷம் பயணிகளை ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டி, இப்போது மூன்று ஜீப்னிக்கு முதலாளியாகிவிட்ட கஸ்பார் அந்தக் கூட்டத்துக்குத் தலைவராக நிற்கத் தகுந்தவர்.

போலீஸ்காரர் ஜன்னலருகே வந்தார். ஒல்லியான இளைஞர், சட்டை முழுக்க வியர்வை. “வணக்கம் சார். நாற்பதுல போக வேண்டிய ரோட்டுல தொண்ணூறுல வந்தீங்க. லைசென்ஸ்...”

கஸ்பார் வாயைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து இரண்டு விரலால் நீட்டினார்.

போலீஸ் கர்னல் கிரிஸ்புலோவின் கார்டு. பின்புறம், “இவர் எனக்கு வேண்டியவர். ஆவன செய்யவும்” என்று நீல மசியில் கையெழுத்து. ஒருநாள் சேவல் சண்டையில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த பாவத்துக்காகக் கர்னல் கொடுத்தது. போகிற இடமெல்லாம் கர்னல் இதை நோட்டீஸ் மாதிரி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு வேண்டியவர்களை எண்ணினால் மாகாணத்தின் வாக்காளர் பட்டியலைவிட நீளும்.

போலீஸ்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கொஞ்சம் இருங்க சார்,” என்று சொல்லிவிட்டு, தள்ளி மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த தன் மேலதிகாரியிடம் கொண்டுபோனார்.

“பாத்தியா? நடுங்கிட்டான்,” என்றார் கஸ்பார்.

“வெயில்ல நிக்குறாரு பாவம். ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன குறைஞ்சு போச்சு?”

“போலீஸ்கிட்டயா? நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்போ இவன் தொட்டில்ல கிடந்திருப்பான்.”

மணி பத்து பதினைந்து. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. அப்போது வண்டியின் பின்பக்கத்திலிருந்து ‘டப் டப்’ என்று இரண்டு தட்டு கேட்டது.

ஜீப்னி ஓட்டியவனுக்கு அந்தச் சத்தத்தின் பொருள் ரத்தத்தில் ஊறியது. பின்னால் நிற்பவன் தகரத்தை இரண்டு முறை தட்டினால், ‘போலாம் ரைட்’. இருபது வருஷம் அந்தத் தட்டுக்குத்தான் கஸ்பாரின் கால் பழகியிருந்தது. மூளையைக் கேட்காமலே கால் அழுத்தியது. வண்டி தடுப்பை ஒதுக்கிக்கொண்டு பாய்ந்தது.

“ஐயோ, அவர் இன்னும் போகச் சொல்லலையே!”

“என் பிள்ளை சொல்லிட்டான், கேட்டியா? போலீஸ்காரன் அந்தாண்ட திரும்பினதும் தட்டினான் பார்! மருந்துக்கடைக்காரன்னு நினைச்சேன், என் ரத்தம்தான் ஓடுது!” கஸ்பாருக்குப் பெருமையில் கண்ணே கலங்கிவிட்டது.

அந்தப் பெருமை ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. பின்னால் சைரன் சத்தம். பக்கக் கண்ணாடியில் பார்த்தார். போலீஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வந்தது. ஹெல்மெட் போட்டு இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினான்.

“கர்னல் கார்டுக்கே இந்த மரியாதையா? ஒருத்தன் பத்தாதுன்னு ரெண்டு பேரா வர்றானுங்க!”

“நிறுத்திருங்க. என்னன்னு கேட்டுருவோம்.”

“கேட்டா மூணு மணி நேரம் ஆகும். பொண்ணு போயிரும். பரவாயில்லையா?”

நியாயமான கேள்விதான். போன தடவை மூன்று மணி நேரம் பேசியது யார் என்று பெலென் திருப்பிக் கேட்டிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும்.

அவளுடைய செல்போன் அடித்தது. தெரியாத எண்.

“எடுக்காத! போலீஸ்தான்.”

“என் நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வண்டி நம்பரைத் தட்டினா நீ என்ன குழம்பு வெச்சேங்கிறதுவரை வரும் இப்பல்லாம்!” கஸ்பார் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார். போனும் போய்விட்டது, சைரன் மட்டும் கூடவே வந்தது.

அடுத்த வளைவில் கஸ்பார் சடாரென்று இடது பக்கம் ஊர்ப்பாதையில் திருப்பினார். அறுவடைக் காலம். பாதையின் ஒரு பாதி முழுக்க ஒரு மைல் நீளத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். மறு பாதியில் ஓர் எருமை வண்டி நின்றது. கஸ்பார் நெல்லின் மேல் ஏற்றினார். நெல் மழையாகத் தெறித்தது. கையில் நெல்வாரியோடு நின்ற ஒரு பெண், “நாசமாப் போறவனே! சாப்பிடற நெல்லுடா!” என்று கத்தியபடி வாரியை வீசினாள். அது தார்ப்பாயில் பட்டு விழுந்தது.

“தள்ளி நில்லும்மா! ரோடு வண்டி போறதுக்கு!” என்று ஜன்னல் வழியாகச் சட்டம் பேசினார், கால் மணி முன்பு சட்டத்தை ஏமாற்றிய அதே கஸ்பார்.

பெலென் திரும்பி, முதுகுப்பக்கத் தகரத்தைத் தட்டினாள். அந்தப் பக்கம் கண்ணாடி இருந்தது, ஆனால் தார்ப்பாய் மறைத்திருந்தது. “டெல்ஃபின்! அடி கிடி பட்டுச்சாப்பா?”

பதில் இல்லை.

“விடு, பயத்துல உறைஞ்சு போயிருப்பான். தட்டினப்ப என் புத்தி. இப்ப உன் புத்தி.”

மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையின் பின்னால் வண்டியை ஒளித்தார். சைரன் பெரிய சாலையிலேயே நேராகப் போய் மெல்லத் தேய்ந்தது. கஸ்பார் மூக்கைச் சுருக்கிச் சிரித்தார். அவர் மாதிரி ஆட்களுக்குப் பிழைத்த சந்தோஷத்தைவிட ஏமாற்றிய சந்தோஷம் பெரிது.

பத்து ஐம்பதுக்குப் பெண் வீட்டு வாசலில் நின்றார்கள். பசிலியோ கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி வந்ததைப் பெலென் பார்த்தாள். அவளுக்கு உயிர் வந்தது.

“வாங்க சம்பந்தி. பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துட்டீங்க.”

“முதல்ல கேட்டைச் சாத்துங்க சம்பந்தி!” கஸ்பார் வண்டியை வெங்காயக் கிடங்கின் பின்னால் கொண்டுபோய்ச் சொருகிவிட்டு ஓடி வந்தார். பெரிய தகரக் கேட்டைத் தானே இழுத்துச் சாத்தி, தாழும் போட்டார்.

“என்ன விஷயம்? மாப்பிள்ளை எங்கே?”

“பின்னாடி பன்னியோட இருக்கான். வருவான். சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு வரட்டும். வழியில என்ன நடந்துச்சு தெரியுமா...” என்று ஆரம்பித்தார். கூடத்தில் கூடியிருந்த பெண்ணின் சித்தப்பன்மார் நாலு பேருக்கும், கார்டை நீட்டியது, பையன் தட்டியது, நெல்லில் பறந்தது எல்லாவற்றையும் கையைக் காலை ஆட்டிச் சொன்னார். ஒரு போலீஸ்காரன் கதையில் இரண்டானான், ஒரு மோட்டார் சைக்கிள் நாலாகிவிட்டது. சித்தப்பன்மார் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அவர்களும் வண்டி ஓட்டுகிறவர்கள்தானே.

பசிலியோ சிரிக்கவில்லை. ரோவேனா மட்டும் ஜன்னலருகே நின்று கிடங்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கேட்டுக்கு வெளியே சைரன் ஊளையிட்டு நின்றது.

கஸ்பாரின் முகம் வெளிறியது. “விலாசத்தைக்கூடக் கண்டுபிடிச்சுட்டானுங்களே!” பசிலியோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சம்பந்தி, நீங்க வாத்தியார். நீங்க சொன்னா நம்புவாங்க. இங்க யாரும் வரலைன்னு ஒரு வார்த்தை.”

“நான் பொய் சொன்னதில்ல.”

“விசேஷ நாளும் அதுவுமா மாப்பிள்ளையோட அப்பனை விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனா, நாளைக்கு ஊர்ல ரோவேனாவைத்தானே பேசுவாங்க?”

பசிலியோ மகளைப் பார்த்தார். மகள் கண்ணில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷ நேர்மை அந்த நீரில் கரைந்தது. கேட்டருகே போனார்.

“சார், ஒரு நீல பிக்கப்...” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. “கேட்டைக் கொஞ்சம் திறக்கறீங்களா? அவசரம் சார், மணி ஆவுது.”

“இங்க... அப்படி எந்த வண்டியும் வரல,” என்றார் பசிலியோ. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சார். இன்னிக்குப் பெண் கேட்க...”

“அவங்களும் வரல!” என்று உள்ளிருந்தே குரலை மாற்றிக் கத்தினார் கஸ்பார். உதவி செய்வதாக நினைப்பு.

கூடத்துக் கடிகாரம் பதினொன்று அடிக்கத் தொடங்கியது. பசிலியோ பழக்கதோஷத்தால் வாய்க்குள் எண்ணினார். பதினொன்றாவது அடி அடங்கிய அதே வேளையில், கிடங்குப் பக்கத்திலிருந்து பெலெனின் அலறல் கேட்டது.

“என்னங்க! பன்னி மட்டும்தாங்க இருக்கு!”

எல்லோரும் ஓடினார்கள். தார்ப்பாய் திறந்து கிடந்தது. வாழையிலையில் பன்றி வாயைப் பிளந்து படுத்திருந்தது. பக்கத்தில் முக்காலி கவிழ்ந்து கிடந்தது. ரோவேனா பன்றியைப் பார்த்தாள், பிறகு வருங்கால மாமனாரைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தபோதுதான் முகத்தைச் சுளித்தாள்.

“நெல்லுல குதிச்சப்ப விழுந்துட்டானா?” என்று பெலென் தலையில் அடித்துக்கொண்டாள்.

கஸ்பாருக்கு ஒரு கணம் உலகமே நின்றது. மறுகணம் கோபம் வந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே பக்கம்தான் அந்தக் கோபம் பாய்ந்தது. “எல்லாம் அவனாலதான்! அவன் துரத்தினதாலதான்!” ஓடிப்போய்த் தாழை விலக்கி, கேட்டைப் படாரென்று திறந்தார்.

அந்த ஒல்லிப் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே சல்யூட் வைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். வெள்ளை பாரோங் சட்டை முழுக்கப் புழுதி. டெல்ஃபின்.

“டேய்! என் பையனை எதுக்குடா பிடிச்ச? அவன் என்ன தப்பு பண்ணினான்?” என்று கஸ்பார் சீறினார்.

போலீஸ்காரர் கர்னலின் கார்டைப் பையிலிருந்து எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.

“கார்டைப் பாத்ததுமே உங்களை விட்டுறச் சொல்லிட்டாரு சார், எங்க ஐயா. இவர் பின்னால இறங்கி, ஈ போகக்கூடாதுன்னு வண்டிக் கதவை ரெண்டு தட்டுத் தட்டிச் சாத்திட்டு, உங்களுக்காக எங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தாரு. பதினொண்ணு அடிக்கறதுக்குள்ள பொண்ணு வீட்டுல சேக்கலைன்னா கல்யாணம் நின்னுரும்னு அழுதாரு, அதான் சைரன் போட்டுக் கொண்டாந்தேன். நீங்க எதுக்கு சார் ஓடினீங்க?”