படிக்கத்தில் விழுந்த பிரெஞ்சு வைன்

முதல் மிடறு வைனை மாப்பிள்ளை வாய்க்குள் வைத்து நாலு பக்கமும் உருட்டினார். கண்ணை மூடினார். பிறகு குனிந்து, வெற்றிலை துப்புவதற்கென்று மினுக்கி வைத்திருந்த பித்தளைப் படிக்கத்துக்குள் 'ப்ளிச்' என்று துப்பிவிட்டார்.

மத்தேயு கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

"என்ன தம்பி, பழுதாப் போச்சா?"

"நல்லம். மிகவும் நல்லம்," என்றார் மாப்பிள்ளை, பிரான்சில் ஊறிப்போன தமிழில்.

நல்லதென்றால் ஏன் துப்புவான்? ஊரார் தபாலட்டைகளை எல்லாம் வாசித்து விளங்கிக்கொண்டவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் மத்தேயு. இதுவும் அவருக்கு விளங்கத்தான் செய்தது. அதுதான் பயம்.

பெண் பார்க்க வந்த வீட்டில், பிடித்தால்தான் மாப்பிள்ளை பகுதி கை நனைக்கும். பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீரும் தொண்டைக்குள் இறங்காது. மகள் றொசானிக்கு முப்பத்தொரு வயது. இதுவரை மூன்று சம்பந்தங்கள் வந்து, மூன்றும் உடைத்து வைத்த சோடாவைத் தொடாமலே எழும்பிப் போயின. ஒவ்வொரு முறையும் அந்தச் சோடாக்களை மத்தேயுதான் தனியாக இருந்து குடித்து முடித்தார். இதுவும் தட்டிப்போனால் மகளின் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதனால் இந்த முறை ஒரு குறையும் வைக்கவில்லை. மாப்பிள்ளை றெஜிக்குப் பாரிசில் வைன் கொம்பனியில் வேலை என்று அவனுடைய பெரியம்மா சொன்ன அன்றைக்கே, கொழும்பு மச்சானைப் பிடித்து அசல் பிரெஞ்சுச் சிவப்பு வைன் ஒரு போத்தல் எடுப்பித்தார். அது துவாயில் சுற்றப்பட்டு, கைக்குழந்தை மாதிரி மச்சானின் மடியிலிருந்தே மட்டக்களப்பு வந்து சேர்ந்தது. பெரியம்மா அனுப்பிய படத்தில் மாப்பிள்ளை பனிக்குள் தொப்பியும் கழுத்துத் துணியுமாக நின்றார். மூக்கு மட்டும்தான் தெரிந்தது. வைன் மணக்கப் பிறந்த மூக்கு என்று மத்தேயு அதிலேயே திருப்திப்பட்டுக்கொண்டார்.

இன்றைக்கு அந்தப் பெரியம்மா போன் எடுத்து, "நான் மாதா கோயில்ல மெழுகுதிரி கொளுத்திட்டு வாறன். றெஜியும் வேலைக் கூட்டாளியும் முன்னுக்கு வருவாங்க," என்றார். பத்து நிமிடத்தில் வேன் வந்தது. சித்திரை வெயிலில் கோட் போட்டுக்கொண்டு ஒருவர் இறங்கினார். மூக்கும் ஒத்துவந்தது. மத்தேயு ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். வேனை ஓட்டிவந்த டீசேட்காரனிடம், "தம்பி, வேனை வேம்படியில விட்டுட்டுப் பின்னால குசினிக்குப் போங்க, சாப்பாடு தருவாங்க," என்றார். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்து, பிறகு நல்ல பிள்ளையாகப் போய்விட்டான்.

கோட்காரர் போத்தலைக் கண்டதும் சட்டைப்பையிலிருந்து ஒரு தக்கைத் திருகியை எடுத்து, கண் மூடித் திறப்பதற்குள் தக்கையைக் கழற்றினார். அவ்வளவு நேரமும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

"சூடாகித்து போல," என்று மத்தேயு தானே தீர்ப்புச் சொன்னார். அறைச் சூட்டில் வைக்கச் சொல்லி வீடியோவில் பார்த்திருந்தார். ஆனால் அது பிரான்ஸ் அறை. மட்டக்களப்பு அறையில் வைன் தேத்தண்ணிப் பதத்துக்கு வந்திருந்தது. இரண்டு ஐஸ்கட்டி எடுத்துக் கிளாசுக்குள் போட்டார்.

மாப்பிள்ளை செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரிக் கிளாசைப் பார்த்தார். உறிஞ்சினார். உருட்டினார். ப்ளிச்.

"பீற்றிஸ்! ஆட்டிறைச்சியக் கொண்டா! சிவப்பு வைனுக்குச் சிவப்பு இறைச்சிதான் சோடி!"

மனைவி பீற்றிஸ் கோப்பையோடு வந்தாள். "இஞ்ச பாருங்க, ஒரு கதை..."

"கதையெல்லாம் மறுகா, முதல்ல இறைச்சி!"

மாப்பிள்ளை கோட்டுக்குள்ளிருந்து சொந்த முள்ளுக்கரண்டி ஒன்றை எடுத்தார். கை நனையவில்லை என்பதை மத்தேயு கவனித்தார். ஒரு துண்டை மென்று, அதன்மேல் ஒரு மிடறு வைன் விட்டார் மாப்பிள்ளை. பீற்றிஸின் கொச்சிக்காய்த் தூள் வைனோடு சண்டைக்குப் போயிருக்க வேண்டும். கண்ணால் நீர் வழிய, இறைச்சியும் வைனும் ஒன்றாகப் படிக்கத்துக்குள் விழுந்தன.

"உறைப்பு... நல்லம்," என்றார் இருமலுக்கு நடுவில்.

உறைப்புக்கு மருந்து இனிப்பு. மத்தேயு தொதல் துண்டொன்றை நீட்டினார். பல்லில் ஒட்டிய தொதலைக் கழற்ற மாப்பிள்ளைக்கு மூன்று மிடறு வைன் தேவைப்பட்டது. மூன்றும் படிக்கத்துக்கே போயின.

"நண்டு! வாவி நண்டுக்கு மயங்காத ஆள் இன்னும் பிறக்கல்ல! கொண்டா புள்ள நண்டை!"

"நண்டு முடிஞ்சு," என்றாள் பீற்றிஸ்.

"ஆர் திண்டது?"

"வேன்ல வந்த தம்பி. மூணாந்தரமும் சோறு வாங்கிட்டார். அதத்தான் நான் அப்பயே சொல்ல..."

"மாப்பிள்ளைக்கு ஆக்கின நண்டக் கண்டவனுக்குப் போட்டியா? உனக்கு விசரா?"

பீற்றிஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்தார் மத்தேயு.

போத்தலில் கால்வாசிதான் மிச்சம். மத்தேயு தனக்கொரு கிளாஸ் ஊற்றி, "இஞ்ச பாருங்க தம்பி, இப்பிடி," என்று ஒரே இழுப்பில் விழுங்கிக் காட்டினார். முகம் கோணியது. பாழாய்ப்போன துவர்ப்பு, நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி மரத்தது. இன்னொரு கிளாசும் விழுங்கிக் காட்டினார். காது சூடேறியது. மனதில் அடக்கி வைத்தது வாய்க்கு வந்தது.

"தம்பி, ஒரு மிடறு. ஒரே ஒரு மிடறு விழுங்குங்க. வைனுக்காக இல்ல, என்ட புள்ளைக்காக."

கோட்காரர் அவருடைய கையை அன்பாகத் தட்டினார். "ஐயா, நான் ருசி பார்க்கிற ஆள். எங்கயும் விழுங்க மாட்டன். விழுங்கினா நாக்கு... தொழில் போயிரும்."

எவ்வளவு பண்பாக மறுக்கிறான் என்று மத்தேயு தன் கிளாசைக் கவிழ்த்து வைத்தார். நாலாவது சம்பந்தமும் போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மத்தேயுவின் துக்கமெல்லாம் கோபமாகத் திரும்பியது. நண்டு மட்டும் இருந்திருந்தால்! அந்த வேன்காரனைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்பதென்று சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்.

வேன்காரன் பலகையில் சப்பணம் கட்டி இருந்து நண்டுக்கால் ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான். குழம்பு கையால் வழிந்து ஓடியது. பக்கத்தில் றொசானி சோற்றுக் கரண்டியோடு நின்று, பல வருடமாக அவர் காணாத சிரிப்பொன்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

மத்தேயு வாயைத் திறப்பதற்குள் பின்படலை கிறீச்சிட்டது. கையில் செபமாலையோடு மூச்சு வாங்க வந்த பெரியம்மா, நேரே அந்த வேன்காரனைப் பார்த்துக் கத்தினார்:

"அடேய் றெஜி! நான் வந்து சம்மதம் சொல்றதுக்குள்ள கை நனைச்சிட்டியே, அதுவும் முழங்கை வரைக்கும்!"