உள்ளே இருக்கும் பெரிய மனிதர்

உள்ளே போன மனிதர் வெளியே வருகிற வழியைக் காணோம். சலூன்காரர் ஏ.டி.எம். வாசலில் வெறுங்காலோடு, கையில் கார்டோடு, எந்த நிமிடமும் உள்ளே போகத் தயாராக நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு முன்னால் கால்மிதியின்மேல் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அந்த ஊருக்கு ஏ.டி.எம். வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதுவரை பணம் எடுக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் வங்கிக்குப் போய், அன்றைய பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு வரவேண்டும். இப்போது கடைத்தெருவிலேயே ஓர் அறை. உள்ளே குளுகுளுவென்று காற்று, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போன்ற தரை, மனிதக் குரலில் பேசுகிற இயந்திரம். செருப்பைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தரையைப் பார்த்த எவருக்கும் செருப்புக் காலோடு ஏற மனசு வரவில்லை. வாசலில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று ஊரே புரிந்து வைத்திருந்தது. கண்ணாடிக் கதவு முழுக்கச் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படத்தை ஒட்டியிருந்ததால், வேறு விதமாகத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

சலூன்காரருக்குத் தலைபோகிற அவசரம். சலூன் தொழிலை விட்டுவிட்டு மகனோடு போய் இருக்கப்போகும் பெரியவர் ஒருவர், தன் சுழல்நாற்காலியை விற்கிறார். "மத்தியானத்துக்குள்ள ரொக்கமா கொண்டு வா. இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். சலூன்காரர் கடையில் இருப்பதோ வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலி. அதில் ஒரு கால் குட்டை. போன மாதம் மீசையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது வாடிக்கையாளர் தும்மினார், நாற்காலி ஆடியது, பாதி மீசை போய்விட்டது. மீதியையும் எடுத்துவிட வேண்டியதாயிற்று. அந்த வாடிக்கையாளர் அதன்பிறகு அந்தத் தெரு வழியாகவே வருவதில்லை.

காலையில் முதல் ஆளாக வந்து உள்ளே போனவர் சலூன்காரர்தான். "உங்கள் ரகசிய எண்ணை உள்ளிடவும்" என்று ஒரு பெண்குரல் கேட்டதும் வெலவெலத்துப் போனார். எண் மனைவிக்கு அல்லவா மனப்பாடம்! "தோ, வீட்டுல கேட்டுட்டு வந்துடறேங்க" என்று இயந்திரத்திடம் பணிவாகச் சொன்னார். அது நாக்கை நீட்டுவதுபோல் நீட்டிய கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினார். மனைவி காதில் ஓதிய எண்ணை முணுமுணுத்தபடியே திரும்பி வந்தால், அதற்குள் யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள்.

பின்னால் வந்து நின்ற காய்கறிக்காரம்மா கேட்டார்: "உள்ள ரொம்ப நேரமாவா இருக்காங்க?"

"நான் வந்ததுலேருந்து இருக்கார்ம்மா."

அந்த அம்மா குனிந்து செருப்பைப் பார்த்தார். "தோல் செருப்பு. புத்தம் புதுசு. பெரிய இடம் போல."

சலூன்காரரும் அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். என்ன பளபளப்பு! இப்படிப்பட்ட செருப்பைப் போடுகிறவர் நம்மைப்போல் சில்லறைக்கு வந்திருக்க மாட்டார். கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குப் பிரமிப்புதான் வந்தது.

தேநீர் குடித்துவிட்டு அப்போதுதான் வேலைக்கு வந்தார் காவலாளி. சலூன்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, லேசா ஒரு தட்டு தட்டுங்களேன்."

"உள்ள ஆள் இருக்கும்போது திறக்கக் கூடாது. ரூல்."

"திறக்க வேணாம். தட்டினாப் போதும்."

காவலாளி ஒற்றை விரலால் தட்டினார். "ஐயா..."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "வணக்கம். தங்களை அன்புடன் வரவேற்கிறோம்."

காவலாளி சட்டென்று விறைப்பாக நின்றார். "வணக்கம் சொல்லுதுங்க அவருக்கு!"

"எனக்கு அது வணக்கமே சொல்லலியே" என்றார் சலூன்காரர். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவைப் பார்த்து அவர் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன.

வெயில் ஏறியது. பெரியவர் நாற்காலியை வேறு யாருக்காவது தள்ளிவிட்டால் என்ன செய்வது? அந்த வழியாகச் சைக்கிளில் போன பால்காரரிடம் சொல்லி அனுப்பினார்: "பெரியவரைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. இங்க ஒரு பெரிய புள்ளி மூட்டை கட்டி எடுத்துட்டிருக்கார். அதான் லேட்டு."

பால்காரர் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனார். "மூட்டை மூட்டையா எடுக்கறாராம். மிஷின் காலியாயிடுமாம்!" அரை மணியில் வரிசை தெருமுனையைத் தாண்டியது. கார்டு இல்லாதவர்கள்கூட அவரைப் பார்த்தாவது போகலாம் என்று வந்து நின்றார்கள். ஒருவர் பாதி ஷேவிங்கோடு வந்திருந்தார்.

"தெருவையே விலை பேசப்போறாராம்" என்றது ஒரு குரல்.

"இருக்கும், இருக்கும். செருப்பைப் பாருங்க" என்றது இன்னொன்று.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு தள்ளுவண்டி வந்தது. அதன்மேல் சிவப்பு மெத்தையும் வெள்ளிக் கைப்பிடியுமாகச் சுழல்நாற்காலி. வண்டியைத் தள்ளி வந்தவர் அந்தப் பெரியவர்தான். சலூன்காரருக்கு உயிரே திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"எனக்காக நீங்களே கொண்டுட்டு வந்துட்டீங்களா?"

"உனக்கு எதுக்குப்பா? உள்ள இருக்கிறவருக்கு."

"அவருக்கு எதுக்குங்க சலூன் நாற்காலி?"

"அந்த மாதிரி ஆளுங்க வீட்டு வராந்தாவுல போட்டுச் சுத்திச் சுத்திப் பேப்பர் படிப்பாங்க. உன்கிட்ட பேரம் பேசியே என் தொண்டை வத்திப் போச்சு." பெரியவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தச் செருப்பைப் போட்டுட்டு வந்த மகராசன் யாரோ, அவருக்குத்தான் இந்த நாற்காலி. பேரமே கிடையாது. அவர் என்ன கொடுக்கறாரோ கொடுக்கட்டும். நான் சொன்ன சொல் மாற மாட்டேன்!"

கூட்டம் "ஆகா" என்றது. சலூன்காரர் தன் வாயாலேயே அல்லவா நாற்காலியைத் தொலைத்துக்கொண்டார்! அப்போதும் உள்ளே இருப்பவர்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. கொடுத்து வைத்தவர், வாழட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஓடிவந்தான் ஒருவன். நேற்று இரவு வீட்டுக்கு விருந்தாளியாக வந்த, சலூன்காரர் மனைவியின் தம்பி. நேராகக் கால்மிதிக்குப் போய் நின்று, மூச்சு வாங்கியபடி சொன்னான்:

"என்ன மாமா இது? அவசரத்துல என் புதுச் செருப்பை மாட்டிட்டு வந்தீங்க, சரி. அதை இங்கயே விட்டுட்டு வெறுங்கால்ல வீட்டுக்கு ஓடிவந்து, மறுபடி வந்து அதுக்கே காவல் நிக்கிறீங்களே!"