எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்க

விசாரிப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. தேடிக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில், கல்யாணப் பந்தியில் உங்களுக்கு எதிர் வரிசையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களையே பார்த்தபடி என்று எங்கும் நிறைந்திருப்பார். கெட்டவர் அல்ல. கஞ்சர் அல்ல. சோம்பேறி என்று வாய் தவறியும் சொல்லிவிட முடியாது. ஒரு மிக்ஸி வாங்கப் பதினேழு பேரிடம் கருத்துக் கேட்கிறவரா சோம்பேறி? அவரிடம் உள்ள கோளாறு ஒன்றே ஒன்றுதான். ஒரு காரியம் முடிவாகப் போகிறது என்று தெரிந்த நிமிடத்தில், "எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்க" என்பார். ஒரு வார்த்தைதான். அதை எத்தனை பேரிடம் கேட்பார் என்பது அவருக்கே தெரியாது.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஒருவரைப் பார்க்க ஆசையா? கடத்தூர் பஸ் ஏறி வாருங்கள். கடத்தூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் பால் சொசைட்டி செயலாளராக இருக்கிறார் தீர்த்தகிரி. ஒரு விசாரிப்பாளருக்கு இதைவிடத் தோதான உத்தியோகத்தைக் கடவுளே யோசித்திருக்க மாட்டார். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஊரே பாத்திரமும் கையுமாக அவர் முன்னால் வந்து வரிசையில் நிற்கிறது. பாலை அளக்கும்போது ஒரு கேள்வி, கொழுப்புப் பார்க்கும்போது இன்னொரு கேள்வி. பதில் சொல்லாமல் யார் போய்விட முடியும்? பாத்திரம் அவர் கையில் அல்லவா இருக்கிறது!

நிர்மலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்து இவர் எட்டு மாதம் விசாரித்தார். ஒன்பதாம் மாதம் நிர்மலாவின் அப்பாவே பொறுமை இழந்து, மாப்பிள்ளைக்கு ஏதாவது கோளாறா என்று நாலு இடத்தில் விசாரிக்கத் தொடங்கியதும், பயந்துபோய் அடுத்த முகூர்த்தத்திலேயே தாலி கட்டினார். அவர் வாழ்க்கையில் குறித்த நேரத்தில் நடந்த ஒரே காரியம் அதுதான் என்று நிர்மலா இன்றைக்கும் சொல்வாள்.

விசாரிப்பதற்கென்று அவரிடம் சில நெறிமுறைகள் உண்டு. விஷயம் தெரிந்தவரிடம் கேட்கக் கூடாது. அவர் பட்டென்று பதில் சொல்லிவிடுவார், விசாரணை அதோடு முடிந்துபோகும். கிடைத்த பதிலை நம்பிவிடக் கூடாது, அடுத்தவரிடம் கொண்டுபோய், "இப்படிச் சொல்றாங்களே, நெசங்களா?" என்று தட்டிப் பார்க்க வேண்டும். பத்துப் பேர் நல்லது சொல்லி ஒருவர் முகத்தைச் சுளித்தால், சுளித்தவர் பக்கம்தான் உண்மை இருக்கிறது.

இப்பேர்ப்பட்டவருக்கு மகளாகப் பிறந்தவள் மணிமேகலை. ஒரே பெண். பிளஸ் டூ முடித்தவள். கையில் எது கிடைத்தாலும் வரைவாள். சொசைட்டிச் சுவரில் அவள் வரைந்த கறவை மாட்டைப் பார்த்துவிட்டு இதுவரை ஒருவர்கூட மடி சரியில்லை என்று சொன்னதில்லை. பால் ஊற்ற வருகிறவர்கள் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று அவள் சொன்னபோது தீர்த்தகிரி குதிக்கவில்லை. நர்சிங் படி, பி.எட். படி என்று நச்சரிக்கவில்லை. "படம் வரையறதுக்கே காலேஜா? நல்லாத்தான் இருக்குது, படிம்மா" என்றார். அவருக்குப் பெருமைதான். வரப்போகும் ஆபத்து வேறு திசையில் இருந்தது.

மணிமேகலை கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் முனாப் பாயின் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். ஒன்று கடற்கரை ஊரில் இருந்தது, இன்னொன்று ஆற்றங்கரை ஊரில். இரண்டுக்கும் போய் நுழைவுத் தேர்வில் குடத்தையும் மாம்பழத்தையும் பார்த்து வரைந்துவிட்டு வந்தாள். இரண்டிலும் இடம் கிடைத்தது. ஓரிடத்தில் கிடைக்காமல் போயிருந்தால் எவ்வளவு நிம்மதி! கடற்கரைக் கல்லூரியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். தவறினால் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். ஆற்றங்கரைக் கல்லூரிக்குத் திங்கட்கிழமை வரை நேரம் இருந்தது. கடற்கரையில் சிற்பப் பிரிவு இருக்கிறது, ஆற்றங்கரையில் இல்லை. மணிமேகலைக்கு வேண்டியது சிற்பம். இதை அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் சொல்ல வாய்ப்பு வரவில்லை. அவர் விசாரிக்கப் போயிருந்தார்.

தீவனக் கடைக்காரர், கடலோரத்தில் உப்புக் காற்று அடிக்கும், தகரப் பெட்டி துருப்பிடிக்கும் என்றார். முடிவெட்டும் கடையில், படம் வரையப் படித்தால் போலீசில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள், திருடன் மூஞ்சியை வரைவதற்கு ஆள் வேண்டுமே என்றார்கள். ஆற்றங்கரை என்றால் கொசு என்றார் ஒருவர். இவர் உடனே, அந்த ஊர்க் கொசு நம் ஊர்க் கொசுவைவிடப் பெரிதா என்று வேறொருவரிடம் கேட்டார். சினை பார்க்க வந்த மாட்டு டாக்டரையும் விடவில்லை.

"சார், இந்தச் சிற்பம் படிச்சா பின்னால ஸ்கோப் எப்படிங்க இருக்கும்?"

மாட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்த டாக்டர் திரும்பிப் பார்க்காமல், "கைய எடுத்துக்கறேங்க, அப்புறம் சொல்றேன்" என்றார்.

புதன்கிழமை வந்தபோது தராசு என்னவோ கடற்கரைப் பக்கம்தான் தாழ்ந்திருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பால் அளந்துகொண்டிருக்கும்போது நல்லம்பள்ளியிலிருந்து நிர்மலாவின் தம்பி நவநீதன் போன் செய்தான்.

"மாமா, மணிய எங்க சேக்கறீங்க? அந்தக் கடற்கரைக் காலேஜு ஹாஸ்டல்ல தண்ணியே சரியில்லையாமே! பொண்ணுங்களுக்கு முடி கொத்துக் கொத்தாக் கொட்டுதாம்."

போதாதா? தீர்த்தகிரியின் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆயிற்று. தண்ணீரைப் பற்றி அவருக்குள் முன்னமே ஒரு சந்தேகம் இருந்தது. இப்போது நல்லம்பள்ளியிலிருந்தே ஆதாரம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "கடற்கரை வேண்டாம்மா. ஆத்தங்கரையே நல்லா இருக்கும். திங்கட்கெழம போலாம்."

மணிமேகலை தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். நிர்மலா கணவரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

வியாழக்கிழமை காலை பால் எடுத்து முடிந்ததும் மணிமேகலை சொசைட்டிக்கு வந்தாள். கூடவே நிர்மலாவும் வந்தாள். மகள் அப்பாவின் போனை எடுத்து நவநீதனைக் கூப்பிட்டாள், ஒலிபெருக்கியைப் போட்டாள். அவளுக்கும் விசாரிக்க வரும். ஆனால் அப்பாவைப் போல் ஊருக்கு ஒரு கேள்வி அவளிடம் இல்லை, ஒரே கேள்விதான்.

"மாமா, தண்ணி சரியில்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"முனாப் பாய்தாம்மா. சந்தைக்கு வந்தப்ப அவரு கடைக்கு ஒரு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். அங்க ஒரே உப்புத் தண்ணியாம்னாரு."

"முடி கொட்டுதுன்னும் அவரா சொன்னாரு?"

"இல்ல... உப்புத் தண்ணின்னா முடி கொட்டாதா? அது நானா சொன்னதும்மா."

அடுத்தது முனாப் பாய். "நான் எங்கம்மா உப்புத் தண்ணியக் கண்டேன்? பால் வண்டி மாது வந்து, ஹாஸ்டல்ல தண்ணி சுமார்தானாம் பாய்னான். கடலோரமாச்சே, அப்ப உப்பாத்தான் இருக்கும்னேன். இது ஒரு குத்தமா?"

மாதுவுக்குப் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. பால் வண்டியை வாசலில் நிறுத்திக் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். மணிமேகலை வெளியே போய்க் கேட்டாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் மாது. "நான் அந்த ஊரு எந்தப் பக்கம் இருக்குதுன்னே பாத்ததில்ல. போன வாரம் ஒங்கப்பாதான் கேட்டாரு, ஏன் மாது, அந்தக் காலேஜு ஹாஸ்டல்ல தண்ணி எப்படி இருக்கும்னு. மொகத்த அப்படி வச்சிக்கிட்டுக் கேட்டாரு. செக்ரட்டரியே இவ்ளோ கவலப்படறாரே, தண்ணி சுமார்தான் போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த நிர்மலா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. கேன் ஏற்றிக்கொண்டிருந்த மாதுவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

தீர்த்தகிரி சிரிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. தம் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு கேள்வி வழியில் உப்பும் முடியும் சேர்த்துக்கொண்டு, ஆளே மாறி, தகவலாகத் திரும்பி வந்து பெற்ற மகளின் படிப்பையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்ததே! இன்னும் எத்தனை எத்தனை இப்படி வந்தவையோ? போன வருடம் நல்ல கறவை மாடு ஒன்றை, உதைக்குமாம் என்று யாரோ சொன்னதால் வேண்டாம் என்று விட்டாரே, அந்த மாடு உதைக்குமா என்று முதலில் ஊருக்குள் கேட்டது யார்? நினைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கேட்பதற்கு இனி ஊரில் ஆள் இல்லை. எதிரில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா மணி," என்றார், "ஒனக்கு எந்தக் காலேஜும்மா புடிச்சிருக்குது?"

தேர்வு எழுதிவிட்டு வந்த நாளிலிருந்து வாயில் வைத்திருந்த பதில் அது. கடற்கரைக் கல்லூரியில் முதல் வருடம் களிமண், மரம், கல், உலோகம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடுவார்கள் என்றும், தேர்வுக்குப் போன அன்று பட்டறைக் கதவு திறந்திருந்ததை எட்டிப் பார்த்தபோது தன்னைவிட ஒல்லியான ஒரு பெண் ஒரு பாறையை உளியால் கொத்திக்கொண்டிருந்தாள் என்றும், வேர்வை சொட்டச் சொட்ட அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததிலிருந்து தனக்குத் தூக்கம் சரியாக இல்லை என்றும், தாளில் வரைந்த மாட்டைச் சுற்றி வர முடியாது, செய்த மாட்டைச் சுற்றி வரலாம் என்றும், ஹாஸ்டல் தண்ணீரைக்கூடத் தான் அன்றே குடித்துப் பார்த்துவிட்டதாகவும், அது நம் ஊர்த் தண்ணீரைவிட நன்றாகவே இருந்தது என்றும் அவள் மூச்சுவிடாமல் சொன்னாள்.

இவ்வளவு நீளமான பதிலைத் தீர்த்தகிரி வாழ்நாளில் கேட்டதில்லை. குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டார். கண் லேசாகக் கலங்கியது.

"சரிம்மா. நாளைக்கு விடியக்காலம் மொத பஸ்ஸப் புடிச்சிரலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "எதுக்கும்..."

"எதுக்கும்?" என்றாள் நிர்மலா.

"எதுக்கும் ஒரு கொடை எடுத்துக்கலாம்னு சொல்ல வந்தேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பேருந்தில் வழி முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கைக்காரர் தானாகவே பேச்சுக் கொடுத்தபோதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிற்பகல் இரண்டு மணிக்குக் கல்லூரி வாசலில் இறங்கினார்கள். மணிமேகலை கோப்பை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனாள். பெற்றோர்கள் வெளியே இருக்கலாம் என்றார்கள். வெளியே ஒரு வேப்ப மரம், மர நிழலில் ஒரு நாற்காலி, நாற்காலியில் காவலாளி. தீர்த்தகிரி எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? நீங்களே சொல்லுங்கள்.

"அண்ணா, இந்தக் காலேஜு எப்படிங்க?"

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "காலேஜ் இருக்கட்டும் சார். நீங்க எந்த ஊரு?"

"தர்மபுரிப் பக்கங்க."

"அட, தர்மபுரியா!" காவலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். "எம் பையனுக்கு அங்கதான் ஒரு சம்பந்தம் வந்திருக்கு. உங்க பக்கம் ஆளுங்க எப்படி? தண்ணி வசதில்லாம் எப்படி சார்?"

தீர்த்தகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாநிலத்தின் மறுகோடியில் ஒரு பையனின் கல்யாணம் நின்றுபோக ஒரு வார்த்தை போதும் என்பது அவருக்குத்தான் தெரியுமே! "பொண்ணையே ஒரு வார்த்தை கேளுங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். மூன்றரை மணிக்கு மணிமேகலை கழுத்தில் அடையாள அட்டையோடு வெளியே வந்தபோது, அவர் அந்த அட்டையை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் போனார். அது தன்னுடையது என்று அவள்தான் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கதை இவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுந்து போகவில்லையே? கடற்கரை ஊர் என்றால் எந்த ஊர், கல்லூரிக்குப் பெயர் என்ன, விண்ணப்பம் எந்த மாதம், மார்க் எவ்வளவு வேண்டும் என்று கேட்க நாக்குத் துறுதுறுக்கிறது, இல்லையா? உங்கள் வீட்டில் படம் வரைகிற பிள்ளை இருக்கிறதா? இல்லை. இருக்கிற ஒரு பையனும் பென்சிலைக் கடித்துத் தின்பதற்குத்தான் வாங்குகிறான். அப்புறம் எதற்கு உங்களுக்கு இந்த விவரமெல்லாம்? ஓ, தெரிந்தவர் ஒருவருக்காகவா? யார் அவர்? எந்த ஊர்? பிள்ளை பையனா, பெண்ணா? வேறு எந்தக் கல்லூரிக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள்? தப்பாக நினைக்காதீர்கள், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.