மாப்பிள்ளைக்கு நான் ஏற்றிய நிறம்

பின்னேரம் ஐந்து இருபதுக்கு எங்கள் மாப்பிள்ளை திரையில் முதன்முதலாகத் தோன்றினார். பீட்ரூட் நிறத்தில் இருந்தார்.

பக்கத்தில் இருந்த தாய், பின்னால் நின்ற சிறுவர்கள், கேக் வெட்டிய குழந்தை எல்லாருமே பீட்ரூட் நிறம்தான். ஆகவே அவர்மேல் தனியாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை. (இப்போதும் இல்லை என்று மனைவி சொல்கிறா.)

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. கொழும்பில் விமானத்தால் இறங்க வெளிநாட்டுத் தமிழ்ப் பெடியன்கள் பயந்தார்கள். இறங்கவிட அவர்களுடைய தாய்மார் அதைவிடப் பயந்தார்கள். அதனால் மாப்பிள்ளை பார்ப்பது தபாலில் நடந்தது. இங்கிருந்து சாதகமும் படமும் போகும், அங்கிருந்து டிவிடி வரும். என் அக்கா வதனிக்குப் பேசப்பட்ட ரமணன் ரொறன்ரோவில் இருந்தார். சாதகம் பொருந்திவிட்டது. ரமணனின் தமையன் மகளுக்கு நடந்த பிறந்தநாள் கொண்டாட்டத்தின் வீடியோவை, இந்தக் கலியாணப் பேச்சுக்காலைத் தொடக்கிவைத்த எங்கள் யோகம் சின்னம்மா அனுப்பியிருந்தா. அதைப் பெரியவர்கள் பார்த்துவிட்டு அன்று பின்னேரமே ஓம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். ஓம் என்றால் சென்னையில் கலியாணம். மண்டபத்துக்குச் சொல்லிவைத்துவிட்டு அவர்கள் காத்திருந்தார்கள்.

பெரியவர்கள் என்றால் பெரியப்பா. அப்பா இல்லாத வீட்டில் அவர் சொல்தான் சொல். பேராதனை ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அப்போதிக்கரி டாக்டருக்கு ஒரு படி கீழே. பெரியப்பாவின் கணக்கில் ஒரு படி மேலே.

வீடியோ பார்க்கக் கீழ்வீட்டுக்குப் படியிறங்கும்போது அக்கா என் சேர்ட்டைப் பின்னால் பிடித்து இழுத்தா.

"டேய், நான் அவரோடை போனிலை கதைச்சனான். எனக்குப் பிடிச்சிருக்கு. பெரியப்பாவுக்குத் தெரியாது. நீ ஒண்டும் செய்யாமல் சும்மா இரு. அது காணும்."

அக்கா என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் மனித முகம் விக்ஸ் டப்பி மூடி அளவுக்குத்தான் தெரியும். அதில் மாப்பிள்ளை பார்க்க முடியாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஆகவே கீழ்வீட்டு ஃபௌசி நானாவின் முன்னறைக்குப் போனோம். நானா அலவத்துகொடைக்காரர். கண்டி டவுனில் இரும்புக்கடை வைத்திருந்தார். கட்டுகஸ்தோட்டைச் சரிவில் இருந்த அந்த வீட்டின் மேல்மாடியை எங்களுக்கு வாடகைக்குத் தந்திருந்தார். சவூதியில் வேலைபார்க்கும் அவருடைய மருமகன் அந்த மாதம்தான் ஒரு ஹோம் தியேட்டர் கொண்டுவந்து பூட்டிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். சுவரளவு திரை, ஐந்து ஸ்பீக்கர், கதிரைக்குப் பின்னால் ஒரு பேஸ் பெட்டி. தமிழ்ச் சத்தம் ஒழுங்கைவரை போவது அந்த நாட்களில் நல்லதல்ல என்பதால் நானா ஒலியைக் கேட்டும் கேளாததுமாக வைத்திருந்தார். ஐந்து ஸ்பீக்கரில் நாங்கள் குசுகுசுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என்ன இது, எல்லாம் சிவந்து போய்க் கிடக்கு?" என்றார் பெரியப்பா.

நான் எழும்பினேன். அக்கா என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் அப்போது ஒரு பத்திரிகைக்குக் கண்டி நிருபர். கண்ணால் கண்டதைக் கண்டபடி சொல்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் உயர்ந்த அபிப்பிராயம். ரிமோட்டை எடுத்து அமத்தினேன். திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் விழுந்தது. முழுக்க அரபு.

"பயப்படாதீங்க தம்பி, நான் ஓதித் தாறேன்" என்று நானா மூக்குக் கண்ணாடியைப் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓர் எழுத்தும் பிசகாமல், "அத்தபாயுன்" என்று வாசித்தார். பிறகு "அல்லவ்ன்". குரல் அருமையாக இருந்தது. சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ராத்தா, நானாவின் மனைவி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டதைக் கண்டேன்.

"அப்பிடியெண்டால் என்ன நானா?"

"ஓதத் தெரியும் தம்பி. மானா கேக்காதீங்க."

எனக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் எது சரியான நிறம் என்று எப்படி முடிவு செய்வது? அதற்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. திரையில் உள்ளவர்களில் நான் நேரில் கண்ட ஒரே ஆள் யோகம் சின்னம்மா. அவ நல்ல கறுப்பு. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் நின்ற சின்னம்மாவின் நிறம் எனக்கு அச்சொட்டாக நினைவிருந்தது. திரையில் நிற்கிற சின்னம்மா அந்த நிறத்துக்கு வரும்வரை ஏற்றி இறக்கினால் மற்ற எல்லாரும் தன்பாட்டில் சரியாகிவிடுவார்கள். இதைவிட விஞ்ஞானமாக ஒருவன் யோசிக்க முடியாது என்று நினைத்தேன்.

சின்னம்மா கனடாவுக்குப் போய் எத்தனையோ பனிக்காலம் கடந்துவிட்டது என்பதையோ, அன்றைக்கு முகத்தில் கனத்த பவுடர் போட்டிருந்தா என்பதையோ நான் யோசிக்கவில்லை.

நானா ஓத, நான் அமத்த, சின்னம்மா கொஞ்சம் கொஞ்சமாக யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தா. முழுதாக வந்து சேர்ந்ததும் நிறுத்தினேன்.

"இப்ப சரி" என்றேன்.

"யோகம்தான்! அப்பிடியே இருக்கிறாள்!" என்றா அம்மா, கண் கலங்கி.

பிறகு கமரா திரும்பியது. மூலையில், ஒரு மேசைவிளக்குக்குக் கீழே ரமணன் இருந்தார். அரைத்த மஞ்சள் நிறம். நெற்றி, கன்னம், காது எல்லாம் மஞ்சள். கண்வெள்ளை அதைவிட மஞ்சள்.

பெரியப்பா முன்னுக்குச் சாய்ந்தார். "நிப்பாட்டு."

நிப்பாட்டினேன்.

"கண்ணைப் பார். செங்கண்மாரி." மஞ்சள் காமாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது.

"படத்திலை அப்பிடி இல்லையே பெரியப்பா" என்றா அக்கா.

"படம் முந்தி எடுத்தது பிள்ளை. வருத்தம் பிறகு வந்திருக்கும். ஓடவிடு, பாப்பம்."

ஓடவிட்டேன். அதற்குப்பிறகு ரமணன் செய்ததெல்லாம் அவருக்கு எதிரான சாட்சியாகவே போனது. ரோல்ஸ் தட்டு வந்தது, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பசியில்லை. ஈரல் கெட்டால் முதல் போறது பசி."

எல்லாரும் ஆடினார்கள், அவர் ஆடவில்லை.

"களைப்பு."

ஒரு குழந்தையைத் தூக்கினார், உடனே இறக்கிவிட்டார்.

"தூக்க ஏலாது. பாத்தியே?"

"மற்றாக்களும் கொஞ்சம் மஞ்சளாத்தானே இருக்கினம்?" அக்கா விடவில்லை. "அந்தா, யன்னலுக்கு வெளியாலை பாருங்கோ. பனி ஏன் மஞ்சளா இருக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிறத்துக்குப் பொறுப்பாளர் நான். யன்னலுக்கு வெளியே ரொறன்ரோ நகரம் முழுவதும் மஞ்சள் பனியால் மூடிக் கிடந்தது. கண்டதைக் கண்டபடி சொல்கிறவன் வாயைத் திறந்தேன்.

"அது பின்னேர வெயில்."

(அந்த வீடியோவில் அதற்குச் சற்று முன்புதான் யாரோ "குட் மோர்னிங்" சொல்லிக்கொண்டு உள்ளே வந்திருந்தார்கள்.)

"அப்ப கேக்?"

"பட்டர் ஐசிங்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இந்தமுறை எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் ரிமோட்டை எடுத்து, 'நான்தான் பிழை விட்டேன் போலிருக்கு' என்று சொல்வதற்கு வேறு மாதிரி ஒரு பெடியன் தேவைப்பட்டிருப்பான்.

பெரியப்பா மறுபடி படத்தை நிப்பாட்டச் சொன்னார். ரமணனின் மஞ்சள் முகம் சுவரளவில் நின்றபோது படலையில் சத்தம் கேட்டது. இரண்டு பொலிஸ்காரர்கள். வீட்டில் இருப்பவர்களின் பொலிஸ் பதிவு பார்க்க வந்திருந்தார்கள். வாசலில் வழக்கத்தைவிடக் கூடுதலான செருப்புகள் கிடந்ததைக் கண்டிருக்கவேண்டும்.

அவர்கள் வாயைத் திறக்குமுன் நாங்கள் அடையாள அட்டைகளை நீட்டிக்கொண்டு நின்றோம். அந்த நாட்களில் கை தன்பாட்டில் பைக்குள் போகும். மூத்தவர் அட்டைகளைப் பார்த்தார். பெரியப்பாவுடையதை அதிக நேரம் பார்த்தார், அவர் அந்த வீட்டுப் பதிவில் இல்லாதவர். நானா சிங்களத்தில் வேகமாக விளக்கம் சொன்னார்: பெண்ணின் பெரியப்பா, பேராதனையில் இருப்பவர், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்.

மூத்தவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். "இவரா மாப்பிள்ளை?"

"ஓம் சேர்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிட்டப் போனார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு அக்காவிடம், மிகவும் தன்மையாகச் சிங்களத்தில் சொன்னார்: "இவருக்குச் செங்கண்மாரி, தங்கச்சி. என் மச்சானுக்கும் வந்தது. பிட்டவக்கா அவித்துக் குடிக்கக் கொடுங்கள்."

பிட்டவக்கா என்றால் கீழ்க்காய்நெல்லி. அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டு, ராத்தாவின் தேத்தண்ணியையும் குடித்துவிட்டு அவர்கள் போனார்கள். அந்த யுத்த காலத்தில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட செய்தி என்று நான் நேரில் கண்டது அது ஒன்றைத்தான்.

பெரியப்பாவுக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை. நானாவின் போனிலேயே ரொறன்ரோவுக்கு எடுத்தார். சின்னம்மா ஒருவாறு கதையைச் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தது ரமணனின் தாய். (அங்கே அப்போது காலை. சின்னம்மா ரமணன் வீட்டுக்குப் போய் எங்கள் 'ஓம்' வரும் என்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தாவாம்.)

"உங்கடை பெடியனுக்கு ஈரல் பழுது. ரத்தம் சோதிச்சு முடிவை அனுப்புங்கோ. பிறகு யோசிப்பம்."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரியப்பா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்ததைக் கண்டேன். ஸ்பீக்கர்களில் வராத சத்தமெல்லாம் அந்தப் போனில் வந்தது. பிறகு போன் வைக்கப்பட்டது.

"முடிஞ்சுது" என்றார் பெரியப்பா.

அக்கா மேலே போய்க் கதவைச் சாத்தினா. அன்றிரவு சோற்றுக் கோப்பையை மட்டும் என் பக்கமாகத் தள்ளிவிட்டா. தள்ளிய வேகத்தில் அது மேசையின் மறுகரைக்குப் போய்விட்டது.

மறுநாள் பகல் நானா படியேறி வந்தார். அவர் மேலே வருவது அபூர்வம். முகம் சரியில்லை.

"தம்பி, நேத்து என்னத்தச் செஞ்சீங்க?"

"ஏன் நானா?"

"கிரிக்கெட் மெச் பாக்கப் போட்டேன். எங்கட டீம் பச்சைக் கலர்ல நிக்கிது. ரெண்டு பக்கமும் பாகிஸ்தான் மாதிரி ஈக்கி."

"கலர் கொஞ்சம்..."

"கொஞ்சமா? யன்னலால பக்கத்து வீட்டாக்கள் பாத்தாங்கண்டா என்ன நெனைப்பாங்க? ஏற்கெனவே அவங்க என்னய எந்த டீமுக்குக் கை தட்டுறேண்டு பாத்துக்கொண்டு ஈக்கிறாங்க. நான் கேர்ட்டனை இழுத்து வெச்சிட்டு வந்தீக்கிறேன். வந்து மாத்துங்க."

எனக்குப் பின்னால் கதவு திறந்தது. அக்கா நின்றா.

"நீலம் பச்சையாத் தெரியுதோ நானா?"

"ஓம் மகள்."

அக்கா கணித ஆசிரியை. நீலம் பச்சையானால் வெள்ளை மஞ்சளாகும் என்று மிச்சத்தைப் போட்டுப் பார்க்க அவவுக்கு நேரம் எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டுபோய், போனை எடுத்து, மனப்பாடமாக இருந்த ஓர் இலக்கத்தை அமத்தி, என் காதில் வைத்தா. "சொல்லு."

ரமணன்தான் எடுத்தார். அங்கே விடியாத நேரம். நான் சொன்னேன். சின்னம்மா, பவுடர், அரபு, பனி எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ்காரரையும் சொன்னேன்.

"அப்ப எனக்கு வருத்தம் ஒண்டுமில்லையோ?" என்று கடைசியில் கேட்டார்.

"இல்லை. ரிமோட்டுக்குத்தான்."

"அம்மா நேற்றுத் தொடங்கி என்ரை கண்ணை இழுத்து இழுத்துப் பாக்கிறா. நான் ரத்தமும் குடுத்திட்டன் ஐசே. வதனி பக்கத்திலை நிக்கிறாவோ? குடும்."

நான் போனைக் கொடுத்துவிட்டு நானாவின் முன்னறைக்குப் போனேன். நீலத்தைத் திருப்பி எடுக்க முடியவில்லை. நானா மூன்றுமுறை ஓதியும் பயனில்லை. சவூதியிலிருந்து மருமகன் போனில் சொல்லச் சொல்லத்தான் அது பழைய பீட்ரூட்டுக்கு வந்தது.

ரத்த முடிவு வந்தபோது ஈரலில் ஒரு குறையும் இல்லை. சீனி மட்டும் கொஞ்சம் கூட என்றார்கள். அதை ரமணன் மறைக்காமல் அக்காவிடம் சொல்லி, பிரச்சினையோ என்று கேட்டாராம்.

"சீனி எண்டால் பரவாயில்லை. மஞ்சளைத்தான் பெரியப்பா விடமாட்டார்" என்றாவாம் அக்கா.

பெரியப்பா தோற்கவில்லை. கலியாணத்துக்கு ஓம் சொல்லிவிட்டு, அந்த முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு, "திரையிலை பாத்தே வருத்தம் இருக்கெண்டு சொன்னனானோ இல்லையோ?" என்று வீடு வீடாகச் சொன்னார். சென்னையில் தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தவரும் அவர்தான். வீடியோக்காரர் அதையும் எடுத்திருக்கிறார். இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது வெளிப்படையான ஒன்றுக்கு மழுப்பலாகக் காரணம் சொன்னால், பிள்ளைகள்கூட "பின்னேர வெயில்" என்கிறார்கள். அவர்கள் பாதிப்பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

அத்தான் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை.