விலக்கில்லாத விதி

பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்துக்கு எல்லை எழுதிய தட்சிணாமூர்த்தி, ஓய்வு பெற்றதும் தமக்கென்று ஓர் எல்லையைத் தேர்ந்தெடுத்தார். அது மனைவியின் கல்லாப்பெட்டி.

ஜோதிலட்சுமி சிதம்பரம் வடக்கு வீதியில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் திறந்திருந்தாள். அவர் கடலூருக்குப் போய் ஒரு சுழல் நாற்காலி வாங்கி வந்தார். அதைக் கல்லாவுக்கு முன் போட்டு உட்கார்ந்தார். சுழன்றார். கதவைத் திறந்த பெண்கள் அவர் மீசையைக் கண்டதும், "அப்பறமா வரோம்க்கா" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். ஆடி மாதம் அப்படித்தான் என்று அவர் விளக்கினார். ஜோதிலட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் உஷாராக இருக்க வேண்டும் என்பதை இத்தனை வருடக் குடித்தனம் அவருக்குக் கற்றுத் தந்திருக்கவில்லை.

"ஏங்க, தொழில் பழக ரெண்டு பொண்ணுங்க வருதுங்க" என்றாள் ஒரு நாள். "புவனகிரி கயல்விழி ஒண்ணு, குடிகாட்டுலேர்ந்து ஒண்ணு. பழகிட்டு எதிர்லயே கடை போட்டுருவாளுங்களோன்னு பயமா இருக்கு. நீங்க எழுதுனா கோர்ட்டே அசைக்க முடியாதுன்றாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான்."

அவருக்கு அது போதும். பேனாவைத் திறந்தார். பயிற்சிக் காலம் முடியும்வரை பிள்ளைகள் விலகலாகாது; முடிந்த பின்னும் இதே வீதியில் கடை போடலாகாது. முதலாளி தரப்பே ஏதேனும் ஒரு விதியை மீறினால் ஒப்பந்தம் அக்கணமே ரத்து.

"அது எதுக்குங்க?"

"ரெண்டு பக்கமும் கட்டணும் ஜோதி. ஒரு பக்கம் மட்டும் கட்டுனா அதுக்குப் பேரு ஒப்பந்தம் இல்ல, கொத்தடிமை."

"சரிங்க. இன்னொண்ணு. கயல்விழிக்கு ஒரு மாமன் மவன், இளவரசுன்னு. டிபன் பாக்ஸ் குடுக்குறேன்னு வந்து உள்ளயே நிப்பானாம். அவ அம்மாவே பயப்படுறாங்க."

பேனா சிலிர்த்தது. 'பணி நேரத்தில் ஆண்மக்கள் எவரும், எக்காரணம் பற்றியும், வாசற்படி தாண்டலாகாது.'

"எவரும்னா? சொந்தக்காரங்க கூடவா?"

"எவரும்."

"கரண்டு ரிப்பேருன்னா?"

"கடை சாத்துனப்பறம் வரட்டும்."

"யாருக்காச்சும் ஒரு விலக்கு போட்டு வையுங்களேன். பின்னாடி சங்கடம்."

"விலக்குன்னு ஒண்ணு வெச்சா அது வழியா இளவரசு பைக்கோட உள்ள வந்துருவான்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள் அவள்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். விதி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அவரே அதைக் கண்ணாடிக் கதவில் ஒட்டவும் செய்தார்.

மறுநாள் காலை கயல்விழி கதவை மறித்து நின்றாள்.

"சார், உள்ள வரக் கூடாது."

"நான் யாருன்னு தெரியுதா பாப்பா? அந்த விதியை எழுதுனதே நான்தான்."

"அப்ப உங்களுக்குப் படிச்சுக் காட்ட வேணாம் சார்."

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சுழல் நாற்காலியில் ஜோதிலட்சுமி இருந்தாள். அரைவட்டம் சுழன்று இவர் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது சொல்லு ஜோதி."

"சொல்லலாங்க. நீங்க உள்ள காலு வெச்சா ஒப்பந்தம் ரத்து. ரெண்டும் கெளம்பிப் போயி எதிர்ல கடை போட்டுரும். பரவாயில்லன்னா வாங்க."

தூக்கிய காலை அவர் இருந்த இடத்திலேயே வைத்தார். தம் வாக்கியத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். இல்லை. ஒழுங்காக எழுதியதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக வருத்தப்பட்டார்.

"நாளைக்கே திருத்தி எழுதிடறேன்."

"எழுதுங்க. பொண்ணுங்க கையெழுத்து போடணுமே."

"நாங்க போட மாட்டோம் சார்" என்று உள்ளேயிருந்து குடிகாட்டுப் பெண் குரல் கொடுத்தாள்.

ஆவணியில் கூட்டம் அலைமோதியது. ஆவணி என்றால் அப்படித்தான் என்று எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் விளக்கிக்கொண்டிருந்தார். மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட கம்மாபுரத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா சார், 'எவரும், எக்காரணம் பற்றியும்'மாம். இப்படி எழுதுனவனுக்கு வீட்ல சோறு போடுவாங்களா?"

"போடுறாங்க" என்றார் தட்சிணாமூர்த்தி. "வாசப்படி வரைக்கும் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாங்க."