ஏன்சாரும் வாலாட்டாத நாயும்

உலகத்துக் கேள்விகளை எல்லாம் கடவுள் ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பதில்களை மட்டும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார் என்றுதான் ரேணிகுண்டாவில் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த ஒரே ஆள் எங்கள் கம்பி ஃபாக்டரியின் டைம் ஆபீஸில் இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஏன்சார்.

லேட்டாக வந்தால் அவரிடம்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"பஞ்சர் சார்."

"ஏன் சார், முன்சக்கரமா, பின்சக்கரமா?"

"பின்சக்கரம்."

"ஏன் சார், அந்த டயரைப் போன மாசந்தான மாத்துனீங்க?"

இதற்குப் பயந்து, ஐந்து நிமிடம் தாமதமானவர்கள் கூட அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். ஃபாக்டரியில் லேட்டாக வருகிறவர்களே இல்லை என்று நிர்வாகம் அவரை வருடா வருடம் பாராட்டியது.

அவருக்கு நாற்பது வயது இருக்கும்போது புத்தூர் பக்கத்தில் ஒரு பெண் பார்த்தார்கள். சொந்த ஊரான சத்தியவேட்டிலிருந்து உறவினர்கள் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் பெண்ணின் அப்பாவைப் பார்த்து இவர் கேட்டார்: "பொண்ணு படிச்சிக்கிது, லட்சணமா கீது, வேலைக்கும் போவுது. ஏன் சார் எனக்குக் குடுக்கறீங்க?" அவர் இரண்டு நிமிடம் யோசித்தார். மறுநாள் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து மறுபடி யோசித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை. இவருக்கும் அதில் வருத்தமில்லை. "கரெக்டான கேள்வி சார். அவங்களுக்கும் பதில் கெடைக்கல பாருங்க" என்றார்.

ஊரே ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. என்னோடு லாட்ஜில் தங்கியிருந்தவர்களில் மாதம் ஒருவராவது பெங்களூருக்கோ, சென்னைக்கோ, துபாய்க்கோ போனார்கள். காலியான அறைகளில் ஒடிசாவிலிருந்து வந்த வெல்டர்கள் குடியேறினார்கள். லாட்ஜுக்குப் பின்னால் தனி வீட்டில் இருந்த ஏன்சார், சாயங்காலம் வந்து கதவு கதவாகப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த மொழியில் பதில் சொல்லக் கடைசியில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நின்றார்.

"சார், திருப்பதி வரைக்கும் போய்க்கினு வர்லாமா? நாய் ஒண்ணு எடுக்கணும்."

தெருவில் கிடந்த நாய்களைக் கொண்டுவந்து வைத்துப் பராமரிக்கிற காப்பகம் ஒன்று திருப்பதிக்கு வெளியே இருந்தது. தெலுங்குக்கார டாக்டரம்மா ஒருவர் நடத்திவந்தார். அவரிடம் ஏன்சார் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். நாய்க்கு ஏன் வியர்ப்பதில்லை, படுக்கும் முன் ஏன் சுற்றுகிறது, போஸ்ட்மேனிடம் மட்டும் ஏன் கோபம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"இப்ப நான் அடுகுதானு, மீரு சொல்லுங்க" என்றார். இனி கேட்பது அவர், சொல்ல வேண்டியது இவர். "வீட்ல எந்தமந்தி? எத்தினி பேரு?"

ஏன்சாரின் முகம் மாறியது. அவரை யாரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான்தாம்மா."

"நீங்க டியூட்டிக்குப் போனா யாரு பாப்பாங்க?"

"மதியம் வந்து போவேன்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா?"

ஏன்சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் காட்டி, "இவரு கீறாரு" என்றார். அப்படித்தான் என்னைக் கேட்காமலேயே ஒரு நாய்க்கு நான் கார்டியன் ஆனேன்.

வரிசையாக இருந்த கூண்டுகளில் எல்லா நாய்களும் எங்களைப் பார்த்து வாலாட்டின. கடைசிக் கூண்டில் ஒரு செம்பட்டைப் பெண் நாய் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ரேணிகுண்டா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரே இடத்தில் நாட்கணக்காகக் கிடந்ததாம். ரயில்வேக்காரர்கள் சொல்லித் தூக்கிவந்திருக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பாது. குரைக்காது.

"காது கேக்காதா?"

"கேக்குது. டெஸ்ட் செஞ்சேன்."

"அப்ப ஏன் வாலாட்ட மாட்டேங்குது?"

"தெலீது" என்றார் டாக்டரம்மா. தெரியாது.

ஏன்சாரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. பத்தாவது நிமிடம் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆட்டோவில் நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாய்க்கு அவர் பெயர் வைக்கவில்லை. "இதுக்கு முன்னாடியே ஒரு பேரு இருக்கும் சார். தெரியாம நாம ஒண்ணு வெச்சா அது யாருன்னு அதுக்கே கொழம்பிடும்" என்றார். சோறு வைத்தால் அவர் அந்தப் பக்கம் போனதும் தின்னும். தமிழில் கூப்பிட்டார், தெலுங்கில் கூப்பிட்டார். சைக்கிள் கடை பாயை அழைத்துவந்து உருதுவில் கூப்பிடச் சொன்னார். கோலாரிலிருந்து லோடு கொண்டுவந்த டிரைவரை லாரியிலிருந்து இறக்கி, கன்னடத்தில் நான்கு வார்த்தை பேச வைத்தார். நாய் சுவரையே பார்த்தது. தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒருநாள் ஏன்சார் நாயை ஃபாக்டரிக்கே கூட்டிவந்திருந்தார். மதியம் ஷெட் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒடிசா வெல்டர் ஒருவர், பக்கத்தில் நின்றிருந்த தன் கூட்டாளியை உட்காரச் சொல்லி, "பொசோ" என்றார். கூட்டாளி உட்காரும் முன் நாய் உட்கார்ந்துவிட்டது.

ஏன்சார் தட்டைக் கீழே வைத்தார். அன்று மதியத்துக்கு மேல் அவர் டைம் ஆபீஸ் பக்கமே போகவில்லை.

ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஏர்போர்ட் ரோட்டில் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒடிசா மேஸ்திரி ஒருவர் இரண்டு வருடம் இங்கே இருந்திருக்கிறார். வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது நாய் ஸ்டேஷன் வரை பின்னாலேயே வந்திருக்கிறது. ஜெனரல் கம்பார்ட்மென்டில் ஆளுக்கே இடமில்லை. அந்த மேஸ்திரியின் ஊரில் ஒரு கடையின் போன் நம்பர், வெல்டர்கள் மூலமாக ஏன்சாரின் சட்டைப் பைக்கு வந்துவிட்டது.

"போன் பண்ணாதீங்க" என்றேன். "அவன் வந்து நாயைக் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

நாய் இப்போதுதான் அவர் முன்னால் சோறு தின்ன ஆரம்பித்திருந்தது.

"அது யாரை நெனச்சிக்கினு கீதுன்னு அதுக்குத் தெரியும் சார். கூடக் கீறவனுக்கும் தெரிய வேணாமா?"

எஸ்.டி.டி. பூத்தில் நின்று தெலுங்கில் பேசினார். நாயும் நானும் வாசலில் நின்றோம். திடீரென்று அவர் கதவைத் திறந்து தலையை நீட்டி, "குனி" என்றார். மேலே ஏதோ விழப்போகிறது என்று நினைத்து நான் சட்டென்று குனிந்தேன். நாய் நிமிர்ந்து, முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தது.

ஒடியாவில் குனி என்றால் சின்னப் பெண்ணைச் செல்லமாகக் கூப்பிடும் பெயராம். அதற்குப் பிறகு அவர் தெருவில் நாயைக் கூப்பிடும்போதெல்லாம் இரண்டு பேராவது குனிந்தார்கள். முதுகு வலிக்காரர் ஒருவர் அந்தத் தெரு வழியாக வருவதையே நிறுத்திவிட்டார்.

அடுத்த மாதம் மேஸ்திரி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற வழியில் ரேணிகுண்டாவில் வண்டி பத்து நிமிடம் நிற்கும் என்று தகவல் வந்தது. அன்று காலை ஏன்சார் குனியைக் குளிப்பாட்டி, புது சங்கிலி போட்டு, அவள் சாப்பிடும் தட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார். பை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வண்டி நின்றது. கூட்டத்திலிருந்து ஒல்லியாக ஒரு ஆள் இறங்கினார். குனி சங்கிலியை அறுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் குரைத்து அன்றுதான் கேட்டேன். அவர் பிளாட்பாரத்தில் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டு என்னென்னவோ பேசினார். வாலோடு சேர்ந்து அவள் உடம்பு மொத்தமும் ஆடியது. ஏன்சார் அதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சங்கிலியையும் பையையும் நீட்டினார். "இட்டுக்கினு போங்க" என்று தமிழில் சொல்லி, அதையே தெலுங்கிலும் சொன்னார்.

மேஸ்திரி கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். பெங்களூரில் தகர ஷெட், பன்னிரண்டு பேர், அடுத்த மாதம் எந்த ஊரோ தெரியாது என்று தெலுங்கில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "மீ தக்கரே உன்டனி" என்றார். உங்களிடமே இருக்கட்டும்.

இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. ஏன்சார் அந்த நான்கு நிமிடத்தையும் கேள்விகளால் நிரப்பினார். இடி இடித்தால் பயப்படுவாளா? வயிறு சரியில்லாவிட்டால் என்ன கொடுப்பீர்கள்? எந்த இடத்தில் சொறிந்தால் பிடிக்கும்? இதில் ஒன்றில்கூட 'ஏன்' இல்லை. ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அவர் கேட்கவே இல்லை.

வண்டி நகர்ந்ததும் குனி பாய்ந்தாள். சங்கிலியைக் கையில் சுற்றியிருந்த ஏன்சார், பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடி, விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். வண்டி மறைந்த பிறகு அவள் முன்பு நாட்கணக்காகக் கிடந்த அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்றேன்.

"நீங்க போங்க சார். அது எப்ப எந்திரிக்குதோ அப்ப வரேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு டியூட்டி முடிந்து வந்து பார்த்தேன். அங்கேயே இருந்தார்கள். நான் போனதும் குனி எழுந்து உடம்பை உதறிக்கொண்டாள். தண்டவாளத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, எங்கள் தெரு இருக்கிற திசையில் அவளே முன்னால் நடந்தாள். முழங்காலில் ரத்தம் காய்ந்த ஏன்சார் நொண்டிக்கொண்டே பின்னால் போனார். மறுநாள் டைம் ஆபீஸ் பதிவேட்டில், இருபது வருட சர்வீஸில் முதல் தடவையாகத் தன் பெயருக்கு நேரே அவரே சிவப்பு மையால் 'ஆப்சென்ட்' போட்டார். காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

அடுத்த வருடம் நானும் பெங்களூர் வந்துவிட்டேன். ஞாயிறு மதியங்களில் ஏன்சார் போன் பண்ணுவார். குனியின் விவரம் எல்லாம் ஒப்பித்த பிறகு, "ஏன் சார், சாப்ட்டீங்களா?" என்பார். இல்லை என்றால், "ஏன் சார் இன்னும் சாப்டல?" என்பார். இந்த ஊரில் என்னிடம் அதைக் கேட்க வேறு யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டுமென்றே சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறேன்.