பென்சிலில் சுற்றிய ஞாயிற்றுக்கிழமை

எது நடந்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானின் பீரோ மேல் ஒரு விரல்கூட வைப்பதில்லை என்று டெஸ்டர் சபதம் எடுத்தார். எடுத்த இடம் குளியலறை. வாய்விட்டுச் சபதம் எடுக்க அந்த வீட்டில் அவருக்கு வேறு இடம் கிடையாது.

டெஸ்டர் என்பது அவர் பெயரல்ல, தொழிலால் ஒட்டிக்கொண்டது. அலுவலகம் அலுவலகமாகப் போய் நெட்வொர்க் கேபிள்களைச் சோதிப்பது அவர் வேலை. செம்புக் கம்பியா, கண்ணாடி இழையா, எதுவானாலும் ஒரு முனையில் கருவியை மாட்டிவிட்டு, கோளாறு எந்தச் சுவருக்குள் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களைத் தினமும் போனில் காய்ச்சி எடுப்பார். "சுவரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கையில இருக்கிற கேபிளைச் சோதிய்யா! கெட்ட கேபிள்னா ரெண்டு முனையையும் வெட்டி வீசுய்யா!" வெளியே அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. வீட்டில் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்.

தீர்ப்பு சொல்பவர் அவர் மனைவி. பாட்டில் கம்பெனியில் கீறல் பார்க்கும் வேலை. ஒவ்வொரு பாட்டிலையும் விளக்குக்கு நேரே பிடித்து, முடி அளவு கீறல் இருந்தாலும் ஓரங்கட்டிவிடுவார். கணவர் சொல்லும் காரணங்களையும் அப்படித்தான் பிடித்துப் பார்ப்பார். இதுவரை ஒன்றுகூடத் தேறியதில்லை.

வந்த வினை இதுதான். மனைவியின் தம்பி ஞாயிற்றுக்கிழமை வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பீரோ இரும்பு. அதே நாள், அதே பிற்பகல், கால்பந்து இறுதிப் போட்டி! டெஸ்டரின் அணி இறுதிக்கு வந்திருந்தது. அவருக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த அணி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இதை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

"ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுக்கு வரீங்கல்ல?" என்று வியாழக்கிழமையே ஆரம்பித்தார் மனைவி.

"எனக்கு முதுகு வலி."

"போன தடவை முழங்கால்னு சொன்னீங்க."

"அதுதான் மேல ஏறிடுச்சு."

"தலைக்கு ஏறுறதுக்குள்ள பீரோவைத் தூக்கிடலாம். வந்துடுங்க."

உடம்பைச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று. தொழிலைச் சொல்ல வேண்டியதுதான். அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. உதித்த வேகத்தில் அவர் சோப்பைக் கீழே போட்டுவிட்டார். ஆமாம், அதுவும் குளியலறைதான்.

கண்ணாடி இழைக்குள் ஓடுவது வெளிச்சம். வெளிச்சத்துக்கு இறுக்கமான வளைவு ஆகாது. இழையை எடுத்து ஒரு பென்சிலில் நாலு சுற்று சுற்றினால் போதும். வெளிச்சம் வழியிலேயே கசிந்துபோகும், மோடம் பட்டினி கிடக்கும், சிவப்பு விளக்கு எரியும், நெட்டு போச்சு, அதில் ஓடும் டிவியும் போச்சு! பென்சிலை உருவினால் போன நெட்டு திரும்பி வரும். வெட்டு இல்லை, காயம் இல்லை, தடயமும் இல்லை. மனைவி கிளம்பும்வரை கோளாறு, கிளம்பியதும் கால்பந்து. வாழ்நாளெல்லாம் இந்தக் கோளாறைக் கண்டுபிடித்தே பிழைத்தவர், முதல் முறையாக அதைத் தன் கையாலேயே உண்டாக்கப் போகிறார். சொந்தத் தொழிலில் இத்தனை உற்சாகம் அவருக்கு வந்ததே இல்லை.

சனிக்கிழமை மாலை காரியம் ஆயிற்று. டிவி மேசைக்குப் பின்னால் ஊர்ந்து போய், சுவரோரம் வரும் இழையைப் பென்சிலில் சுற்றி, டேப் ஒட்டி, தவழ்ந்து வெளியே வந்தார். எதிரே மனைவி. கையில் இரண்டு டீ. முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்னங்க, ஒரு நல்ல சேதி..."

"நல்ல சேதி அப்புறம். நெட்டு போச்சு!"

"அடடா. எப்ப?"

"இப்பத்தான். இந்த நிமிஷம்."

"இப்பத்தான் போச்சா? உங்க தலையில இருக்கிற ஒட்டடையைப் பார்த்தா ரொம்ப நேரமா உள்ளேயே இருந்த மாதிரி இருக்கே."

"ஒட்டடை வேற விஷயம். இது பெரிய கோளாறும்மா. நாளைக்கு முழுக்க உட்கார்ந்துதான் பார்க்கணும். தம்பிகிட்ட சொல்லிடு, பாவம், மாமாவால வர முடியலன்னு."

மனைவி அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். விளக்குக்கு நேரே பாட்டிலைப் பார்ப்பதுபோல. அந்தச் சிரிப்பு அப்படியே மடங்கி உள்ளே போய்விட்டது.

"சரிங்க," என்றார்.

சரியா! இவ்வளவு சுலபமா! அந்த நல்ல சேதி என்ன என்று கேட்கவேண்டும் என்றுகூட டெஸ்டருக்குத் தோன்றவில்லை. இரண்டு டீயையும் அவரே குடித்தார்.

மறுநாள் காலை குளியலறையில் பாட்டுச் சத்தம் தூள் பறந்தது. வெளியே வந்தபோது மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"என் போன்ல சார்ஜே நிக்கல. உங்க போனை எடுத்துட்டுப் போறேன். அந்தப் பழைய பட்டன் போனை மேசை மேல வெச்சிருக்கேன்."

"என் போனா? அது எதுக்கு?"

"நெட்டுதான் இல்லையே, உங்களுக்கு மட்டும் எதுக்கு?"

நெட்டு வந்துவிடும் என்று சொல்லவா முடியும்? போனைக் கொடுத்தார். வாசல்வரை போய் வழியனுப்பினார். தெரு முனை திரும்பும்வரை முகத்தைச் சோகமாகவே வைத்திருந்தார். திரும்பியதும் வாசலிலேயே ஒரு ஆட்டம் போட்டார்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில் மேலாகப் பார்த்தார்.

"என்ன சார், நெட்டு இல்லையாமே? மேட்ச் பார்க்க எங்கயாவது போகலாம்னா நானும்..."

"டாக்டர், உங்க பல்லை நீங்களே பார்த்துக்க முடியாது. என் கேபிளை நானே பார்த்துப்பேன். அஞ்சு நிமிஷ வேலை!"

டாக்டர் சிரித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கோ கிளம்பினார்.

போட்டிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. டெஸ்டர் நாற்காலியை டிவிக்கு நேரே இழுத்துப் போட்டார். மேசைக்குப் பின்னால் புகுந்து பென்சிலை உருவினார். வெளியே வந்து மோடத்தைப் பார்த்தார்.

சிவப்பு.

சில நேரம் மோடம் யோசிக்கும். யோசிக்கட்டும் என்று காத்திருந்தார். அது யோசிக்கவில்லை. அணைத்துப் போட்டார். சிவப்பு. தட்டினார். கெஞ்சினார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு!

சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து மோடத்துக்கு ஒரு குட்டி மஞ்சள் கேபிள் வரும். அதன் மோடப்பக்க முனையைக் கழற்றித் துடைத்து, வெளிச்சம் அளக்கும் மீட்டரில் செருகினார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஐயையோ, சுற்றிய சுற்றில் இழை நிஜமாகவே உடைந்துவிட்டதா? எங்கே உடைந்தது என்று காட்டிக்கொடுக்க, சிவப்பு ஒளி பாய்ச்சும் பேனா ஒன்று கருவிப் பையில் உண்டு. உடைந்த இடத்தில் பளிச்சென்று ஒளி கசியும். பையைக் கவிழ்த்தார். மீட்டர் இருந்தது, இடுக்கி இருந்தது, என்றைக்காவது உதவும் என்று சேர்த்து வைத்த பழைய கேபிள்கள் மூட்டையாக இருந்தன. பேனாவை மட்டும் காணோம்.

பதற்றத்தில் டிவிக்குப் போகும் செம்புக் கேபிளைக்கூடச் சோதித்தார். கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்து, எங்கள் மேல் பழியில்லை என்றன. மீதி இருப்பது சுவர்தான். இழை ஜன்னல் வழியாக வந்து படுக்கையறைச் சுவரோரமாக ஓடுகிறது. அந்தச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்பது என்ன?

பீரோ. அவர்கள் வீட்டு பீரோ. அதுவும் இரும்பு. மனைவியின் புடவைகளோடு சேர்த்து.

தள்ளினார். அது அசையவில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினார். வியாழக்கிழமை சொன்ன முதுகு வலி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. அறையின் நடுவுக்கு அதை நகர்த்தி முடித்தபோது எங்கோ தெருவே அதிர ஒரு கூச்சல்.

"கோல்!"

யார் போட்டது? பட்டன் போனைப் பாய்ந்து எடுத்து மனைவிக்கு அடித்தார்.

"யாரு கோல்?" என்று கத்தினார்.

"நெட்டு வந்துடுச்சாங்க?"

"இல்ல! யாரு கோல் போட்டது?"

"நீங்க கோளாறைப் பாருங்க. இங்க எல்லாரும் மும்முரமா இருக்காங்க," என்று வைத்துவிட்டார். பின்னணியில் ஒரே ஆரவாரம். பீரோ தூக்க இவ்வளவு ஆரவாரமா என்று ஒரு கணம் நினைத்தார், பிறகு சுவரோரம் படுத்துக்கொண்டார். இழையை அங்குலம் அங்குலமாகத் தடவினார். ஜன்னல்வரை போனார். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மறுபடி கூச்சல். மறுபடி. கடைசியில் ஒரு பெரிய கூச்சல், அதற்குப் பிறகு பட்டாசு. எந்த அணியின் பட்டாசு என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வராத குறைதான்.

அந்தி சாயும் நேரத்தில் மனைவி வந்தார். கூடவே மச்சான். அவன் பின்னால் பல் டாக்டர். மூவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

"மாமா! என்னா மேட்ச்சு மாமா!" என்றான் மச்சான். "நம்ம டீம் ஜெயிச்சிடுச்சு! என் புது டிவில புல்லோட நுனிகூடத் தெரிஞ்சுது. நீங்க இல்லாதது ஒண்ணுதான் குறை."

"நீ... நீ பீரோ தூக்கலையா?"

"லாரிக்காரன் மேட்ச் பார்க்கணும்னு வரமாட்டேன்னுட்டான். சரி, எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்னு அக்காகிட்ட நேத்தே சொல்லிட்டேனே!"

டெஸ்டர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அதைச் சொல்லத்தாங்க டீயோட வந்தேன்," என்றார் மனைவி. "நீங்க ஒட்டடையோட நின்னீங்க."

பேசிக்கொண்டே கைப்பையைத் திறந்து சிவப்பு ஒளிப் பேனாவை எடுத்தார். சுவர்ப் பெட்டியிலிருந்து மஞ்சள் கேபிளைக் கழற்றி, ஒரு முனையில் பேனாவைச் செருகினார். கேபிளின் நடுவில் நசுங்கிய ஓரிடம் சிவப்பாகக் கசிந்தது. மறுமுனை இருட்டு.

"காலையில நீங்க பாடிக்கிட்டு இருந்தப்ப இந்தப் பேனாவை அந்தப் பெட்டியில செருகிப் பார்த்தேன். டிவிக்குப் பின்னாடி ஒரு பென்சில் தீபம் மாதிரி எரிஞ்சுது. கல்யாணமான புதுசுல நீங்கதானே இதைக் காட்டிப் பெருமையடிச்சீங்க? அதான், கதவிடுக்குல நசுங்கின கேபிளை உங்க பையிலிருந்து எடுத்து இங்க மாட்டிட்டு, நல்லதை உங்க பையில போட்டேன். கெட்டதை வெட்டிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

தரையில் கிடந்த மூட்டையிலிருந்து ஒரு மஞ்சள் கேபிளை உருவி மாட்டினார். சிவப்பு அணைந்தது. பச்சை கண் சிமிட்டியது.

"கையில இருக்கிற கேபிளை முதல்ல சோதிக்கணும்னு ஊருக்கெல்லாம் போன்ல கத்துவீங்களேங்க," என்றார் கரிசனமாக. பல் டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

டெஸ்டர் மிச்சமிருந்த ஒரே ஆறுதலைப் பிடித்துக்கொண்டு மச்சானிடம் கேட்டார். "அப்ப பீரோ?"

"நாளைக்கு மாமா. லாரி காலையிலேயே வந்துடும்."

"நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கே!"

"லீவு சொல்லிட்டேங்க," என்று மனைவி அவர் போனை அவர் கையில் வைத்தார். "இதுலருந்தே உங்க மேனேஜருக்கு மெசேஜ் போட்டேன். சொந்தக்காரங்களுக்கு இவ்வளவு உதவி பண்றீங்களேன்னு பாராட்டி எழுதியிருக்காரு."

சொல்லிவிட்டுப் படுக்கையறைப் பக்கம் போனவர், நடு அறையில் நிற்கும் பீரோவைப் பார்த்து ஒரு கணம் நின்றார். முகம் மலர்ந்தது.

"தம்பி, பயப்படாதடா. உங்க மாமா இன்னைக்கே தனியா பழகிப் பார்த்திருக்காரு!"